மகேந்திரகிரி பக்கத்துப் பிள்ளைக்கு விண்வெளிப் பிறந்தநாள்

ஃபேன்சி கடையில் போய் 'ஸ்பேஸ் தீம்' என்று கேட்டால் ஒரு பாக்கெட்டை எடுத்துப் போடுவார்கள். உள்ளே சிவப்பு மூக்கும் மூன்று செட்டையும் வைத்த ராக்கெட் படம், பச்சை நிறத்தில் ஒரு வேற்றுக்கிரகவாசி, ஒரே அளவில் எட்டுக் கோள்கள், கொஞ்சம் வெள்ளி பலூன். நம் ஊர்ப் பிள்ளைக்கு இது போதாது. பணகுடி, காவல்கிணறு பக்கம் மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். சூரியனைப் பார்க்கப் போன ஆதித்யா எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரோ வரைந்த கார்ட்டூன் ராக்கெட்டைச் சுவரில் ஒட்டுவானேன்? நிஜ ராக்கெட்டை நிஜ அளவுக் கணக்கில் செய்வதற்கும் கார்ட்டூனைச் செய்வதற்கும் ஆகிற உழைப்பு ஒன்றுதான். சார்ட், பழைய பேப்பர், மைதா, அட்டைப்பெட்டி, ஈர்க்கு, பனையோலை இருந்தால் போதும்.

நாள் கணக்கை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பேப்பர் கூழ் கோள்களுக்குக் காய நேரம் வேண்டும் என்பதால் பத்து நாள் முன்பே கை வைக்க வேண்டும். ராக்கெட்டுக்கு இரண்டு சாயங்காலம். மற்றதெல்லாம் கடைசி மூன்று நாளில் முடியும். ஓலையும் நொங்கும் முந்தின நாள்தான்.

ராக்கெட்

சந்திரயான்-3ஐ 2023 ஜூலை 14 அன்று தூக்கிப் போனது எல்விஎம்3. உயரம் 43.5 மீட்டர். நடுத் தண்டின் குறுக்களவு 4 மீட்டர், விண்கலத்தை உள்ளே வைத்து மூடுகிற தலைக்கூடு 5 மீட்டர். இரண்டு பக்கமும் நிற்கிற எஸ்200 பூஸ்டர்கள் ஒவ்வொன்றும் 3.2 மீட்டர். எல்லாவற்றையும் நாற்பதால் வகுத்தால் உயரம் 109 செ.மீ., நடுத் தண்டு 10 செ.மீ., தலைக்கூடு 12.5 செ.மீ., பூஸ்டர் 8 செ.மீ. என்று வரும். ஐந்து வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்றால் ஏறக்குறைய அதே உயரம். போட்டோவுக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.

கடையில் விற்கிற சார்ட் 56 செ.மீ. அகலம், 71 செ.மீ. நீளம். வெள்ளையில் மூன்று வாங்குங்கள். முதல் சார்ட்டில் நீளவாக்கில் 33.5 செ.மீ. அகலத் துண்டு ஒன்று வெட்டுங்கள். 10 செ.மீ. குழாய்க்குச் சுற்றளவு 31.4, மிச்சம் 2 செ.மீ. ஒட்டுவதற்கு. இதைச் சுருட்டினால் 71 செ.மீ. உயரக் குழாய். நடுத் தண்டுக்கு 82 செ.மீ. வேண்டும், ஆகவே அதே சார்ட்டில் மிச்சமிருப்பதிலிருந்து 13 செ.மீ. உயரம், 33.5 செ.மீ. நீளமுள்ள துண்டைச் சுருட்டி, 2 செ.மீ. உள்ளே செருகி ஒட்டுங்கள். இரண்டாவது சார்ட்டை நீளவாக்கில் சரிபாதியாக வெட்டினால் 28 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு. 8 செ.மீ. குழாய்க்கு 25 செ.மீ. சுற்று, மிச்சம் மடிப்புக்கு. ஆக ஒரே சார்ட்டில் இரண்டு பூஸ்டரும் முடிந்தது. அவற்றின் உயரத்தை 54 செ.மீ. ஆக வெட்டிக்கொள்ளுங்கள். மேலே 10 செ.மீ. கூம்பு வந்ததும் 64 ஆகிவிடும்.

கூம்புதான் எல்லாருக்கும் கோணலாகப் போகிற இடம். முழு வட்டத்தை வெட்டி நடுவில் கீறிச் சுருட்டினால் தட்டையான தொப்பிதான் வரும். தலைக்கூட்டுக்கு 12.5 செ.மீ. அடியும் 15 செ.மீ. உயரமும் வேண்டும். அதற்கு 16.2 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, அதில் 138 பாகை அளவுள்ள விசிறியை மட்டும், ஒட்ட 1.5 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பெட்டியிலுள்ள பாகைமானி போதும். அடியில் 12 செ.மீ. உயரத்துக்கு 12.5 செ.மீ. குழாய் ஒன்று; அதற்கு 41 செ.மீ. நீளத் துண்டு. பூஸ்டர் கூம்புக்கு ஆரம் 10.8 செ.மீ., விசிறி 134 பாகை. மூன்று கூம்பும் தலைக்கூட்டுக் குழாயும் மூன்றாவது சார்ட்டில் அடங்கும்.

சார்ட்டைச் சுருட்டுவதற்கு முன் மேஜை விளிம்பில் வைத்து இரண்டு மூன்று தடவை இழுத்தால் வளைவு ஏறும். அப்படியே மடக்கினால் நடுவில் உடைகோடு விழும். ஃபெவிகால் தடவியதும் பழைய சைக்கிள் டியூபை வளையங்களாக வெட்டி மாட்டி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். செலோடேப் மட்டும் போட்டு நிறுத்தினால், சித்திரை வெயிலில் பசை இளகி ஒட்டு தானாகப் பிரிந்துகொள்ளும். நடுக் குழாய்க்குள் அட்டைப்பெட்டியிலிருந்து 10 செ.மீ. வட்டம் மூன்று வெட்டி மேல், நடு, கீழ் என்று செருகாவிட்டால், யாராவது ஒரு பிள்ளை கட்டிப் பிடித்ததும் நசுங்கும். பூஸ்டரையும் தண்டையும் ஒட்ட இடையில் தீப்பெட்டி வைத்து ஒட்டுங்கள். நிஜத்திலும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை, சிறு இடைவெளி உண்டு.

நெருப்பு வைக்கிற இடத்தில்தான் விஷயம் தெரிந்தவர்கள் வேலை தெரியும். எல்விஎம்3 தரையை விட்டுக் கிளம்பும்போது எரிவது இரண்டு பூஸ்டர்கள் மட்டும். நடுத் தண்டின் எஞ்சின்கள் ஏறக்குறைய 110 விநாடி கழித்து, ராக்கெட் வெகு உயரத்தில் இருக்கும்போதுதான் பற்றும். ஆகவே ஆரஞ்சு, மஞ்சள் கிரேப் பேப்பர் தாரைகளை இரண்டு பூஸ்டருக்கு அடியில் மட்டும் ஒட்டுங்கள், நடுவில் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் 2 செ.மீ. அகலத்தில், 30 செ.மீ. நீளத்தில் இருபது நாடா போதும். டீ குடிக்கிற பேப்பர் கப்பைக் கவிழ்த்து வைத்தால் அதுதான் எஞ்சின் வாய். பூஸ்டருக்கு ஒவ்வொன்று, நடுத் தண்டுக்கு இரண்டு. அந்த நடு இரண்டும் விகாஸ் எஞ்சின்கள். மகேந்திரகிரியில் எரித்துப் பார்ப்பது இவற்றைத்தான், அப்புறம் மேலே இருக்கிற, மிகக் குளிர்ந்த எரிபொருளில் எரிகிற கிரையோஜெனிக் எஞ்சினை. 'மகேந்திரகிரி' என்று எழுதி ஒட்டுவதானால் நடுத் தண்டில் ஒட்டுங்கள், பூஸ்டரில் அல்ல. கிரேப் பேப்பரில் தண்ணீர் பட்டால் சாயம் இறங்கித் தரை ஓட்டில் கறை பிடிக்கும், ஆகவே ஜூஸ் மேஜைக்குப் பக்கத்தில் ராக்கெட்டை நிறுத்தாதீர்கள்.

இத்தனை உயரத்தைச் சும்மா நிறுத்தினால் விழும். அட்டைப்பெட்டிக்குள் இரண்டு செங்கல் வைத்து மூடி மேடை ஆக்குங்கள். அதன் மேல், மணல் நிரப்பிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒட்டி, நடுத் தண்டை அதன் மேல் கவிழ்த்து இறக்குங்கள். அடி வட்டத்தில் பாட்டில் நுழைகிற அளவுக்கு ஓட்டை விட வேண்டும். விகாஸ் கப் இரண்டையும் பாட்டிலின் முன்பக்கம் வைத்து ஒட்டிக்கொள்ளலாம். பூஸ்டர்கள் மேடை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நெருப்பு நாடாக்கள் தாராளமாகத் தொங்கும்.

இவ்வளவு நேரமில்லை என்பவர்களுக்குக் குலசேகரன்பட்டினத்து வழி இருக்கிறது. அங்கிருந்து அனுப்பத் திட்டமிட்டிருப்பது எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட். உயரம் 34 மீட்டர், குறுக்களவு 2 மீட்டர், பூஸ்டர் கிடையாது. அதே நாற்பதாம் பங்கில் 85 செ.மீ. உயரம், 5 செ.மீ. தடிமன். துணிக்கடையில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழாய் கேட்டால் கொடுப்பார்கள், பல குழாய்கள் இந்தத் தடிமனுக்குக் கிட்டத்தட்ட வரும். வெள்ளைத் தாள் சுற்றி, மூன்று இடத்தில் கறுப்புக் கோடு போட்டு, மேலே கூம்பு வைத்தால் முடிந்தது. 'ஏன் குலசேகரன்பட்டினம்?' என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல ஒரு வரி: அங்கிருந்து நேராகத் தெற்கே விடலாம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து என்றால் இலங்கைக்கு மேல் போகாமல் வளைந்து போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும்.

கோள்கள்

எட்டுக் கோளையும் ஒரே அளவு பலூனில் செய்வதுதான் பாக்கெட்காரர்கள் செய்கிற தப்பு. பூமியை 2 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் 22 செ.மீ., சனி 18, யுரேனஸும் நெப்டியூனும் 8 செ.மீ. அருகில், வெள்ளி கிட்டத்தட்ட பூமி அளவு, செவ்வாய் 1 செ.மீ., புதன் அதைவிடக் கொஞ்சம் குறைவு. சூரியனோ 218 செ.மீ.! அதைத் தொங்கவிட முடியாது. அறை மூலையில் கால் வட்டமாகக் காட்டலாம். மஞ்சள் சார்ட் நான்கை இரண்டுக்கு இரண்டாகப் பின்பக்கம் டேப் போட்டு இணைத்து, ஒரு மூலையில் 109 செ.மீ. நூலைப் பிடித்துப் பென்சிலால் வளைத்து வெட்டினால் கால் சூரியன். உள்ளே நுழைகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பூமியைத் தேடுவார்கள். தேடட்டும்.

பேப்பர் கூழ் வேலை வியாழனுக்கும் சனிக்கும் மட்டும் போதும். பசைக்கு ஒரு டம்ளர் மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற நாலு டம்ளர் தண்ணீரில் ஊற்றி, கண்ணாடி போல் தெளிகிற வரை மூன்று நாலு நிமிடம் கிண்டி இறக்குங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். பிள்ளைகள் கை வைக்கிற பசையில் அது கூடவே கூடாது, விஷம். அன்றன்றைக்குக் கிண்டிக்கொள்ளுங்கள், மறுநாள் புளித்துவிடும்.

பலூனை முழுக்க ஊதினால் பேரிக்காய் வடிவம் வரும். பெரிய பலூனை முக்கால் அளவுக்கு ஊதினால்தான் உருண்டையாக நிற்கும். குறுக்களவை அளப்பதைவிடச் சுற்றளவை டெய்லர் டேப்பால் அளப்பது எளிது: வியாழனுக்கு 69 செ.மீ., சனிக்கு 56.5. பலூன் மேல் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்துத் தடவுங்கள், அதற்கு மேல் வேண்டாம், பசை பிடிக்காது. செய்தித்தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள், 2.5 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளம். கிழிந்த விளிம்பு ஒன்றோடொன்று படிந்து போகும், வெட்டிய விளிம்பு வரப்பு கட்டி நிற்கும். முதல் அடுக்கு கறுப்பு வெள்ளைப் பக்கம், இரண்டாவது வண்ண இணைப்பு, மூன்றாவது மறுபடியும் கறுப்பு வெள்ளை. எங்கே விட்டுப்போனது என்று நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

காய வைப்பதில்தான் பாதிப் பேர் தோற்பது. சீக்கிரம் காயட்டும் என்று மாடியில் வெயிலில் வைத்தால், உள்ளே காற்று விரிந்து ஈரக் காகிதத்தைத் தள்ளும், பலூன் வெடிக்கவும் செய்யும். வெடிக்காவிட்டாலும் சாயங்காலம் குளிர்ந்து சுருங்கும்போது காகிதமும் சேர்ந்து சுருங்கித் தோல் சுருக்கம் விழும். நிழலில், ஃபேனுக்கு அடியில், ஒரு சொம்பு வாயில் உட்கார வைத்துத் திருப்பித் திருப்பிக் காய விடுங்கள். சித்திரை வைகாசியில் அடுக்குக்கு ஒரு நாள் போதும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் இரண்டு மூன்று நாள் ஆகும், அவசரப்பட்டு அடுத்த அடுக்கை ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடித்து நாறும். விரலால் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வர வேண்டும். அதற்கு முன் பலூனைக் குத்தினால், காற்றிறங்கிய ரப்பர் ஈரக் காகிதத்தையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். குத்தும்போதும் முடிச்சுக்குப் பக்கத்தில் சின்னத் துளை போட்டு மெதுவாகக் காற்றை விடுங்கள்.

வண்ணத்துக்கு முன் வெள்ளை டிஸ்டெம்பர் ஒரு கை பூசினால்தான் செய்தித்தாள் எழுத்து தெரியாது. வியாழனுக்கு வெளிர் மஞ்சளிலும் செங்காவியிலும் பட்டை. நடுக்கோட்டுக்கு இணையாகப் போட வேண்டும், சாய்த்து அல்ல. பெரிய செம்பொட்டு நடுக்கோட்டுக்குக் கீழே, தெற்கில் வரும். சனிக்கு வெளிர் மஞ்சள் போதும், அதன் அழகு வளையத்தில்.

சனியின் வளையத்தைப் பந்தோடு ஒட்டிச் செய்கிறவர்கள்தான் அதிகம். நிஜத்தில் பந்துக்கும் வளையத்துக்கும் இடையில் இருட்டு இடைவெளி தெரியும். 18 செ.மீ. பந்துக்கு வளையத்தின் உள் ஓட்டை 23 செ.மீ., வெளி விளிம்பு 42 செ.மீ. மெல்லிய அட்டையில் வெட்டுங்கள். பந்தின் இடுப்பில் கோணி ஊசியால் நாலு துளை போட்டு, தென்னை ஈர்க்கின் தடித்த பக்கத்தை இரண்டிரண்டாகச் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கூட்டல் குறி போல உள்ளே விட்டு, நீட்டிக்கொண்டிருக்கிற முனைகளை வளையத்துக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். ஈர்க்குக்குக் கரு நீலம் பூசினால் தூரத்தில் தெரியாது, வளையம் மிதப்பதாகத் தோன்றும்.

சனி 27 பாகை சாய்ந்து நிற்கிற கோள். சாய்வைக் கொண்டுவர நூலை இழுத்துக் கட்டிப் போராட வேண்டாம். பந்தின் உச்சியிலிருந்து 4 செ.மீ. தள்ளித் தொங்கவிடும் துளையைப் போட்டால், பந்து தானே சரியான சாய்வில் தொங்கும்.

யுரேனஸ், நெப்டியூனுக்குச் செய்தித்தாளைக் கசக்கி நூல் சுற்றி, சுற்றளவு 25 செ.மீ. வந்ததும் இரண்டு அடுக்கு ஒட்டினால் போதும். இரண்டுக்கும் வெளிர் நீலப்பச்சை. நெப்டியூனுக்கு ஒரு துளி நீலம் கூட்டலாம், அடர் நீலம் வேண்டாம். மற்ற நாலு சின்னக் கோள்களும் களிமண் மணிகள். ஈரமாக இருக்கும்போதே ஈர்க்கால் துளைத்து நிழலில் இரண்டு நாள் வையுங்கள். பிறந்தநாள் பிள்ளை தன் கையால் செய்ய ஏற்ற வேலை இதுதான். செவ்வாய்க்கு வண்ணம் வாங்க வேண்டாம். தேரிக்காட்டுச் செம்மணல் ஒரு பிடி இருந்தால் சலித்து, பசை தடவிய மணியை அதில் உருட்டுங்கள். தேரி மண் சிவப்பதும் செவ்வாய் சிவப்பதும் இரும்பு ஆக்சைடால்தான்.

பூமி, நிலா, ஆதித்யா: ஒரே கயிறு

அளவு கணக்கில் இன்னொரு சின்ன வேலை உண்டு. நேரம் இல்லையென்றால் மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். மூன்று மீட்டர் வெள்ளை நூல் ஒன்றைத் தலைக்கு மேலே குறுக்கே கட்டுங்கள். ஒரு முனையில் 2 செ.மீ. பூமி மணி. அங்கிருந்து சரியாக 60 செ.மீ. தள்ளி வெள்ளை பூசிய ஒரு மிளகு. அதுதான் நிலா, அளவும் தூரமும் ஒரே கணக்கு. பூமியிலிருந்து சூரியன் இருக்கிற மூலைப் பக்கம் 2 மீட்டர் 35 செ.மீ. தள்ளி, ஃபாயில் சுற்றிய தீப்பெட்டி ஒன்று. அது ஆதித்யா எல்1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். 2023 செப்டம்பர் 2இல் கிளம்பி 2024 ஜனவரி 6இல் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தீப்பெட்டி மட்டும் அளவுக்கு மீறிப் பெரிது, அதற்கு வேறு வழியில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தையும் கட்டலாமே என்று யாராவது பெரிய பையன் கேட்டால், அது 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, இந்தக் கணக்கில் மணிக்கு மேலே முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை என்று சொல்லுங்கள். சூரியனை இதே கணக்கில் வைப்பதென்றால் 235 மீட்டர் போக வேண்டும், தெருக்கோடி தாண்டிவிடும்.

பின்னணித் துணி, நட்சத்திரம்

விண்வெளி என்றால் கறுப்பு என்று எல்லாரும் கறுப்புத் துணிக்குப் போவார்கள். பிறந்தநாளும் அதுவுமாகக் கறுப்பா என்று ஆச்சி முகம் சுளிப்பாள். அவள் பக்கம் நியாயமும் இருக்கிறது: செல்போன் கேமராவில் கறுப்பு வெறும் ஓட்டையாக விழும், பிள்ளையின் முகம் வெளுத்துவிடும். கரு நீல லைனிங் துணி வாங்குங்கள். 90 செ.மீ. அகலத் துணியில் 2 மீட்டர் துண்டு மூன்றைப் பக்கம் பக்கமாக இணைத்தால் ஒரு சுவருக்கு ஆயிற்று. மாடியில் தரையில் விரித்து, வெள்ளை ஃபேப்ரிக் பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் தொட்டு, 30 செ.மீ. உயரத்திலிருந்து கட்டை விரலால் தெறியுங்கள். தண்ணீர் கூடினால் நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும். துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுத் தெறித்தாலும் அப்படியேதான்.

சுண்ணாம்பு அடித்த சுவரில் எந்த டேப்பும் நிற்காது, சுண்ணாம்போடு உரிந்து வரும். பெயிண்ட் சுவரில் ஃபோம் டேப் ஒட்டினால் எடுக்கும்போது பெயிண்ட் போகும். இரண்டு ஜன்னல் கம்பிக்கு நடுவே சணல் கயிறு இழுத்துக் கட்டி, துணி கிளிப்பில் மாட்டுவது ஒன்றே உத்தரவாதம்.

அந்தத் துணியின் நடுவில் பிள்ளையின் பெயரைப் பெரிய எழுத்தில் வைப்பது வழக்கம். அதைவிட நல்ல யோசனை, பிள்ளை பிறந்த நட்சத்திரத்தையே வைப்பது. பெரியவர்களுக்கு அது உடனே புரியும். ரோகிணி என்றால் பக்கவாட்டில் படுத்த 'வி' வடிவ விண்மீன் கூட்டத்தின் ஒரு முனையில் பெரிய ஆரஞ்சு விண்மீன். கார்த்திகை என்றால் நெருக்கமாக ஆறு. திருவாதிரை செம்மை. சித்திரை நீலம் கலந்த வெள்ளையில் ஒற்றை விண்மீன், சுவாதி ஆரஞ்சில் ஒற்றை. கேட்டை என்றால் நடுவில் சிவப்பு, இரண்டு பக்கமும் சற்று வளைந்த கோட்டில் மங்கலாக ஒவ்வொன்று. மூலத்துக்குத் தேளின் கொடுக்கு வளைவு. 8 செ.மீ. அட்டை வட்டத்தில் வண்ணக் காகிதம் ஒட்டி, சின்ன எல்இடி சீரியல் செட்டைப் பின்னால் செருகினால் போதும். பேட்டரி செட்டாக வாங்குங்கள். கரண்ட் போனாலும் எரியும், துணிக்குப் பின்னால் வீட்டு மின்சாரம் ஓடுகிற பயமும் இல்லை. பாளையங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் ஸ்டார் பரணில் கிடக்கும். கேட்டு வாங்கி வாசலில் கட்டினால் ஒரு வேலை மிச்சம்.

வாசலில் கோலம் போடுகிறவர்கள் சப்தரிஷி மண்டலத்தை ஏழு பெரிய புள்ளியாக வைத்து இழை இழுக்கலாம். சின்ன விஷயம், நன்றாக இருக்கும்.

நொங்கு ரோவர், இன்ன பிற

நொங்குக் காலமாக இருந்தால், சந்திரயான்-3 நிலாவில் இறக்கி ஓடவிட்ட பிரக்யான் வண்டியைச் செய்யாமல் விடாதீர்கள். 26 கிலோ எடை, ஆறு சக்கரம். நொங்கு வண்டி ஓட்டிய ஊரில் சக்கரத்துக்கா பஞ்சம்? சுளையைச் சாப்பிட்டு முடித்த ஒரே அளவு நொங்குக் கூந்தல் (வெறும் காய்) ஆறு எடுத்து, கட்டை விரல் தடிமனில் 25 செ.மீ. கம்பு மூன்றின் இரு முனையையும் கூராக்கிக் குத்துங்கள். கம்புகள் செருப்புப் பெட்டியின் அடிப்பக்கத் துளைகளில் லூசாகச் சுற்ற வேண்டும், இறுக்கமாக இருந்தால் பெட்டி கிழியும். சோலார் பேனலுக்குக் கரு நீலத் தாளில் வெள்ளிக் கோடு. முன்னால் இரண்டு பாட்டில் மூடி கேமரா. நொங்கை வெட்டிய மறுநாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. கறை விடும், எறும்பும் ஈயும் வரும், காய்ந்து சுருங்கிக் கம்பு கழன்றுவிடும். முந்தின நாள் சாயங்காலம் செய்து, இரவு வெளியே வையுங்கள். மற்ற மாதங்களில் ஊறுகாய் பாட்டில் மூடி ஆறு போதும், ஆனால் அந்த உருட்டுச் சத்தம் வராது.

ஹெல்மெட் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்ய நினைக்காதீர்கள். சுற்றளவு 82 செ.மீ. பலூனில் நாலு அடுக்கு ஒட்டி, அடியில் 20 செ.மீ. ஓட்டையும் முகத்துக்கு அகலமான ஜன்னலும் வெட்டினால் ஒன்று கிடைக்கும். போட்டோவுக்கு அந்த ஒன்றை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளட்டும். முகத்துக்கு முன் பாலிதீன் தாள் ஒட்டுவது ஆபத்து, ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். முதுகுப் பைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு. சில்வர் ஸ்ப்ரே அடித்தால் பிளாஸ்டிக்கில் பிடிக்காமல் செதில் செதிலாக உதிர்ந்து சட்டையில் ஒட்டும், சமையல் ஃபாயில் சுற்றுவதே மேல். தோளுக்கு 60 செ.மீ. நாடா இரண்டு.

விளையாட்டுக்குக் குழித்தட்டு. அகலத் தாம்பாளத்தில் 4 செ.மீ. உயரத்துக்கு அரிசி மாவைத் தட்டாமல் கொட்டிப் பரப்பி, மேலே கேழ்வரகு மாவைச் சல்லடையில் மெல்லிய போர்வையாகச் சலியுங்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கோலிக்குண்டை நேராக விட்டால் குழி விழுந்து, அடியிலுள்ள வெள்ளை மாவு கதிர் கதிராகச் சிதறும். நிலாவில் தெரிகிற கதிர்க் குழிகள் இப்படித்தான். எறியக் கூடாது, கையை விட மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாம்பலோ கோலப்பொடியோ போடலாமா என்றால் வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும்.

மிதி ராக்கெட் இன்னும் பெரிய வெற்றி. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், ஒரு மீட்டர் சைக்கிள் டியூப், அரை இஞ்ச் பிவிசி குழாய் 40 செ.மீ. பாட்டில் வாயையும் குழாயையும் டியூபால் இணைத்து இன்சுலேஷன் டேப்பை இறுகச் சுற்றுங்கள். குழாயைச் செங்கல் நடுவில் நிறுத்துங்கள். ஏ4 தாளைக் குழாய் மேலேயே சுருட்டி டேப் போட வேண்டும், வழுக்கிக்கொண்டு வர வேண்டும். பிடித்துக்கொண்டால் பறக்காது. மூக்கை மடித்து டேப்பால் மொத்தையாக மூடுங்கள். கூராக வைத்தால் கண்ணுக்கு ஆபத்து, ஓட்டை விட்டால் காற்று மேலே ஓடிவிடும். அடியில் மூன்று செட்டை வேண்டும், இல்லாவிட்டால் குட்டிக்கரணம் போடும். பாட்டிலை ஓங்கி மிதித்தால் மாடி உயரத்துக்குப் போகும். நசுங்கிய பாட்டிலைக் குழாய் முனையில் ஊதி நிமிர்த்திக்கொள்ளலாம், வாய் வைக்கிற இடத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

போகும்போது கையில் கொடுக்க ஓலைக் கொட்டான். அதற்குள் சில்லுக் கருப்பட்டி நாலு, கோவில்பட்டி கடலை மிட்டாய் இரண்டு, 'விண்கல்' என்று ஒரு சீட்டு. பிளாஸ்டிக் டப்பாவில் கருப்பட்டி வைத்தால் வியர்த்துக் கசியும், ஓலையில் அந்தத் தொல்லை இல்லை.

காற்றும் தீயும்

ஆனி ஆடியில் பிறந்த பிள்ளை என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற காற்றை நினைத்துத்தான் எதையும் கட்ட வேண்டும். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் சொல்லவே வேண்டாம். மாடியிலோ வாசல் பந்தலிலோ தொங்கவிட்ட கோள்கள் ஒன்றோடொன்று மோதிக் கிழியும். வீட்டுக்குள் வையுங்கள், கோளுக்கு ஒரு நூலுக்குப் பதில் 'வி' போல் இரண்டு நூல் கொடுங்கள், சுழலாது. சீலிங் ஃபேன் கொக்கியில் எதையும் கட்டக் கூடாது, இறக்கையின் சுற்றுக்கு வெளியே ஒரு முழமாவது தள்ளித்தான் கயிறு போக வேண்டும். டேபிள் ஃபேனைத் தரையோடு வைத்தால் பிள்ளைகளுக்கும் காற்று, கோள்களுக்கும் ஆட்டமில்லை.

கோயில் கொடைக் கடைகளில் விற்கிற கேஸ் பலூனை வாங்கி வந்து கேக் மேஜைக்கு மேலே கட்டாதீர்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது ஹைட்ரஜன். மெழுகுவர்த்தி தொட்டால் தீப்பிழம்பாக வெடிக்கும். வாயால் ஊதிய பலூனே போதும், அதையும் வெயில் படுகிற ஜன்னலோரம் கட்டினால் மதியத்துக்குள் பாதி வெடித்திருக்கும், சாயங்காலம் ஊதுங்கள். கேக்குக்கு மேலே ஒரு மீட்டருக்குள் காகிதமோ கிரேப் தாரையோ தொங்கக் கூடாது. மெழுகுவர்த்தி ஏற்றும் அந்த இரண்டு நிமிடம் ஃபேனை நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரை மேஜைக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

முடிந்தபின் சூரியனைச் சுருட்டி வைக்கலாம், துணியை மடித்து வைக்கலாம், ராக்கெட் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கண்டிப்பாகப் போகும். வியாழனும் சனியும் மைதா என்பதால் பரணில் போட்டால் கரப்பான் அரித்துவிடும். வெளியே ஒரு கை வார்னிஷ் அடித்து, பாலிதீன் பையில் இறுகக் கட்டி வைத்தால் அடுத்த வருஷம் தம்பிக்கோ தங்கச்சிக்கோ ஆகும்.